உங்களிடம் முப்பது நவராத்திரி இருக்கிறது

உங்கள் கேள்வி நீளமானது. நான் புரிந்துகொண்ட வரை சாரம் இது: வயது 33. மென்பொருள் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. பெங்களூர் ராமமூர்த்தி நகரில் வீட்டு மாடியில் கொலு பொம்மை செய்கிறீர்கள். ஆடி பாதியில் ஆரம்பித்தால் கார்த்திகை தீபம் வரை சாப்பிடக்கூட நேரம் கிடைப்பதில்லை. அதற்கப்புறம் ஏழு மாதம் ஈ ஓட்டுகிறீர்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் உங்கள் அத்தை "அடுத்த அஞ்சு வருஷத்துல என்ன பண்றதா உத்தேசம்மா?" என்று கேட்கிறார். பதில் எழுதிப் பார்க்கலாம் என்று நோட்டை எடுத்தால் ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை. 'எனக்கு லட்சியமே இல்லையோ' என்று முடித்திருக்கிறீர்கள். நடுவில் காகிதக்கூழா, களிமண்ணா என்று ஒரு வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

லட்சியம் இல்லாதவர் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மொட்டை மாடியில் மண் பிசைய மாட்டார். அதனால் அந்தச் சந்தேகத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி ஓடாத பிழைப்பில் இருப்பவர் தூரத்து இலக்கை எதைக் கொண்டு அளப்பது? நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது இதைத்தான். இதற்கு எனக்குக் கொஞ்சம் பதில் தெரியும், கற்றதைவிடப் பட்டது அதிகம் என்பதால்.

நான் ஓவியம் வரைபவள். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு 1998ல் கல்யாணம் ஆகி பெங்களூர் அல்சூருக்கு வந்தேன். அன்றிலிருந்து சம்பளம் என்று ஒன்று வாங்கியதில்லை. என் வருடமும் உங்களுடையது மாதிரி மேடு பள்ளம்தான். சிவகாசியில் புது வருடக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவார்கள். எனவே காலண்டர் படம் வைகாசிக்குள் போய்ச் சேர வேண்டும். தீபாவளி மலர் வேலை ஆவணியில் வந்து கழுத்தைப் பிடிக்கும். மார்கழி, தையில் சென்னைப் புத்தகக் காட்சிக்கான சிறுவர் புத்தகங்கள். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரகிருபா சாலை முழுக்க சித்திரச் சந்தை, ஓவியங்களை விற்கும் நாள். அதற்கப்புறம் மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் தொலைபேசி அடித்தால் அது கேஸ் சிலிண்டர்காரர்தான். பொம்மைத் தொழில் எனக்குப் பக்கத்து வீடு மாதிரி. இரண்டு வருடம் ஒரு பொம்மைக்காரருக்கு முகம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவுதான். மண் எனக்குக் கைவராது. நான் சொல்வதில் எது உங்கள் தொழிலுக்குப் பொருந்தாது என்பதை நீங்கள்தான் தள்ள வேண்டும்.

முதலில் அந்த ஐந்து வருடக் கணக்கு. அது ஆபீஸ் சரக்கு. சம்பளக்காரருக்கு மார்ச்சும் ஆகஸ்டும் ஒன்றுதான், இரண்டிலும் முப்பதாம் தேதி பணம் விழும். அதனால் காலாண்டு, அரையாண்டு, ஐந்தாண்டு என்று சம துண்டாக வெட்டினால் வெட்டுப்படும். உங்கள் வருடத்தை அப்படி வெட்ட முயன்றதால்தான் பேனா நகரவில்லை. வேலையை விட்டீர்கள், வேலை கொடுத்த காலண்டரை விடவில்லை. நம் பழைய ஆட்கள் வருடத்தை ஆறாகப் பிரித்தார்கள்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஒவ்வொன்றும் இரண்டு மாதம். நான் நோட்டில் இந்த ஆறு கட்டங்களைத்தான் போடுகிறேன். ஆனால் அந்தப் பெயர்களை அப்படியே பெங்களூர் மேல் ஒட்டக்கூடாது. கார்காலம் என்பது ஆவணியும் புரட்டாசியும். இங்கே மே மாத மாலைகளிலேயே இடி மின்னல் வந்துவிடும். சராசரி பார்த்தால் செப்டம்பர்தான் இந்த ஊரில் அதிக மழை பெய்யும் மாதம். ஜனவரி, பிப்ரவரி எலும்பு மாதிரிக் காய்ந்து கிடக்கும்.

இதை வானிலைச் செய்தியாகப் படிக்காதீர்கள், உங்கள் தொழிலோடு சேர்த்துப் பாருங்கள். பொம்மை காய வேண்டிய நேரத்தில் மழை, வெயில் கொளுத்தும் நேரத்தில் ஆர்டர் இல்லை. நான் முகம் எழுதிய வருடம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தசாவதார செட், ஆறு டஜன் உருப்படி. வெள்ளை அடித்த பிறகு வெளியே காய வைக்க வழியில்லாமல், படுக்கையறையில் ஃபேனுக்குக் கீழே செய்தித்தாள் விரித்துப் பரப்பியிருந்தார் அந்த மனிதர். தொட்டால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும். புருவம் எழுதத் தூரிகையை வைத்தால் கோடு பஞ்சில் மை ஊறுவது போலப் பரவும். வராகருக்கு எழுதிய புருவம் மீசை வரை வந்துவிட்டது. அவருடைய மனைவி மட்டும் சிரித்தார். அந்தப் பொம்மைகளை மாசியில் அச்சில் எடுத்துக் காயவைத்து வெள்ளை வரை முடித்துப் பரணில் வைத்திருந்தால் ஆவணியில் வண்ணமும் கண்ணும் மட்டும்தான் பாக்கி இருந்திருக்கும். 'மாசியில யாரும்மா ஆர்டர் குடுப்பா?' என்பார். ஆர்டர் வந்த பிறகு செய்வது, ஆர்டர் வரும் முன் செய்வது, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் தேடுகிற ஐந்தாண்டுத் திட்டம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நவராத்திரியே வருடா வருடம் நகரும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 2024ல் அக்டோபர் 3ல் தொடங்கியது, 2025ல் செப்டம்பர் 22. இப்படிப் பதினோரு நாள் போல முன்னால் வந்துகொண்டே இருக்கும். இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை போல ஓர் அதிக மாதம் (சந்திரக் கணக்கில் கூடுதலாகச் சேர்க்கும் மாதம்) நுழையும்போது சட்டென்று பின்னால் தள்ளும். 2026ல் அப்படி மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை அதிக மாதம், நவராத்திரி அக்டோபர் 11க்குப் போகிறது. இந்த அலைச்சலைப் பத்து வருடத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்து இப்போதே குறித்துவிடலாம். எந்த வருடம் உங்களுக்கு மூன்று வாரம் கூடுதல், எந்த வருடம் குறைவு என்பது முன்கூட்டியே தெரிகிற தொழில் எத்தனை இருக்கிறது?

இனி அளவுகோல். வருடம் என்ற சொல்லை விட்டுவிட்டு நவராத்திரி என்று எண்ணுங்கள். 33 வயது. 63 வரை கையும் கண்ணும் ஒத்துழைக்கும் என்று வையுங்கள். உங்களிடம் முப்பது நவராத்திரி இருக்கிறது. நான் இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டது 2008ல். 'இன்னும் எத்தனையோ வருடம்' என்று மனதில் இருந்தது ஒரு நிமிடத்தில் 'இருபத்தைந்து ஆவணி' ஆகிவிட்டது. பயமாகத்தான் இருந்தது. அன்று மாலை வேறு வேலை ஓடவில்லை. ஆனால் அப்போதுதான் முதல்முறையாக எதை வேண்டாம் என்று சொல்வது என்று தெரிந்தது. வருடத்துக்கு ஒரு புது செட் என்று வைத்தால் உங்கள் வாழ்நாளுக்கு முப்பது செட். அதில் கிரிக்கெட் செட்டும் கல்யாண செட்டும் எத்தனை, யாருமே செய்யாத, நீங்கள் மட்டும் செய்யக்கூடிய செட் எத்தனை? கேள்வி இப்படி மாறினால் அத்தைக்குப் பதில் சொல்வதும் சுலபம்.

எண்ணிக்கையோடு உடம்பையும் சேர்த்துப் போடுங்கள். நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வரும், யாருக்கும் விலக்கு இல்லை. எனக்கு 43ல் வந்தது. அதுவரை கண்ணிமை மயிரைத் தனித்தனியாக இழுத்தவள், கண்ணாடி போட்ட பிறகும் அதே சுகத்தோடு இழுக்க முடியவில்லை. மூன்று அங்குலப் பொம்மைக்கு மூக்குத்தி வைக்கும் நுணுக்கமெல்லாம் உங்கள் முதல் பத்து நவராத்திரிக்குள் வரட்டும். பெரிய உருவம், அச்சு வடிவமைப்பு, சொல்லிக்கொடுப்பது எல்லாம் பின்னால் வரலாம். இந்த வரிசை எந்தத் திட்டப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை, கண் மருத்துவரிடம் காத்திருந்த வரிசையில் கிடைத்தது.

அடுத்தது, இலக்கை எந்த மாதத்தில் வைப்பது. என் அனுபவத்தில் நான் மிக உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று இதுதான்: தொலைதூர இலக்குக்கான வேலை சீசனில் நடக்காது. சீசனில் வாக்கைக் காப்பாற்றலாம், காசு பார்க்கலாம், அவ்வளவே. ஆடி மாதம் கல்யாணம் இல்லை, புது வீடு புகுவதில்லை என்று ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது விவசாயி மட்டும் விதைப்பெட்டியைத் திறப்பார். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள் இல்லையா, ஒருவருக்கு வெறும் மாதமாக இருப்பது இன்னொருவருக்கு விதைப்பு மாதம். உங்கள் ஆடிப்பட்டம் மார்கழியில் ஆரம்பித்து ஆனியில் முடிகிறது. அந்த ஏழு மாதத்தை 'வேலை இல்லாத காலம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை மாற்றாமல் திட்டம் எதுவும் நிற்காது.

என் கதையைச் சொன்னால் விளங்கும். 2008 மாசியில் கணக்கு நோட்டு ஒன்றில் எழுதினேன்: 'கே.ஆர். மார்க்கெட் பூக்கடைகள், 100 படம், நாலு வருடம்.' எனக்கு யாரும் அதைக் கேட்கவில்லை, வாங்கவும் ஆள் இல்லை. விடிகாலை நாலு மணிக்கு அல்சூரிலிருந்து ஆட்டோ பிடித்துப் போவேன். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சாமந்தி மூட்டை அவிழ்வதையும், கனகாம்பரத்தை ஈரச் சாக்கில் பொத்தி வைப்பதையும் நின்றுகொண்டே வரைவேன். முதல் வருடம் 'ஏம்மா, கார்ப்பரேஷன்ல இருந்து வந்தியா?' என்று ஒரு பாட்டி கேட்டார். மூன்றாம் வருடம் அவரே ஸ்டூல் போட்டார். நாலு வருடத்தில் முடிந்ததா என்றால் இல்லை. பதினோரு மாசி ஆனது. ஒரு மாசியில் மகனுக்கு டைபாய்டு, இன்னொரு மாசியில் மாமனார் படுக்கையில். ஆனாலும் நின்றுபோகவில்லை, ஏனென்றால் அது மாசி வந்தால் செய்யும் வேலை, அவ்வளவுதான். சீசன் வந்தால் மூடிவைக்கலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

அந்த நோட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் வைத்திருக்கும் ஒரே கருவி அதுதான். மளிகைக் கடையில் பற்று எழுதும் நீளக் கணக்கு நோட்டு. ஒவ்வொரு தமிழ் மாதத்துக்கும் பத்துப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். ஆவணி என்றால் எல்லா வருடத்து ஆவணியும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். 'ஆவணி 2009: மலருக்கு 14 படம் ஒத்துக்கொண்டேன், 9 முடிந்தது, கழுத்து வலி.' 'ஆவணி 2010: 11 ஒத்துக்கொண்டேன், 11ம் முடிந்தது, ஒன்றும் பிடிக்கவில்லை.' 'ஆவணி 2014: 8 படம். இரண்டு நன்றாக வந்தது. மாசியில் வரைந்த பூக்காரிக் கைகள் உதவின.' சாதாரண டைரியில் இந்த மூன்று வரியும் ஆயிரம் பக்கம் தள்ளித் தள்ளி இருந்திருக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்ததால்தான், நான் எட்டுக்கு மேல் ஏற்கக் கூடாது என்பதும், மாசி வேலை ஆவணிக்கு வந்து சேர்கிறது என்பதும் கண்ணில் பட்டது. நீங்கள் இந்தக் கார்த்திகையிலேயே ஆரம்பிக்கலாம். மூன்று வருடம் ஆனதும் நோட்டு தானே பேச ஆரம்பிக்கும். அதற்கு முன் ஒன்றும் சொல்லாது, பொறுக்க வேண்டும்.

இனி, இலக்கு பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று நீங்கள் ஒரு வீடியோவைக் குறிப்பிட்டிருந்தீர்கள். 1953ல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதிவைத்த 3 சதவீத மாணவர்கள் இருபது வருடம் கழித்து மற்ற 97 சதவீதத்தினரை விட அதிகம் சம்பாதித்திருந்தார்கள் என்பது. அந்த ஆய்வு நடக்கவே இல்லை. யேல் பல்கலைக்கழகத்திலேயே தேடிப் பார்த்துவிட்டார்கள், அப்படி ஒன்று கிடைக்கவில்லை. மேடைப் பேச்சாளர்கள் வாய்வழியாக வளர்த்த கதை. இருபத்தொரு நாளில் பழக்கம் படியும் என்பதும் அந்த ரகம்தான். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், 2009ல் வெளிவந்தது, சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். அதனால் மாசியில் மூன்று வாரம் முயன்று 'எனக்கு ஒட்டவில்லை' என்று விட்டுவிடாதீர்கள்.

நம்பக்கூடியவை என்று நான் எடுத்துக்கொண்டவை மூன்று. எட்வின் லாக், கேரி லேதம் என்ற உளவியலாளர்கள் இருவரும் பல பத்தாண்டு ஆராய்ந்து சொன்னது: 'முடிந்த அளவு நன்றாகச் செய்' என்பதைவிட, குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்தால் வேலை நன்றாக நடக்கும். ஆனால் வேலையே புதிதாக, சிக்கலாக இருந்தால் 'இத்தனை முடிக்க வேண்டும்' என்ற எண் இலக்கு காலை வாரும் என்பதும், அப்போது 'இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்' என்ற இலக்கு வைப்பதே நல்லது என்பதும் அதே வரிசை ஆய்வுகளில் பின்னால் தெரிந்தது. உங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சீசனுக்கு எண் வையுங்கள், 'இந்த வருடம் நாற்பது செட்' என்று. விதைப்புப் பட்டத்துக்கு, அதாவது அந்த ஏழு மாதத்துக்கு, எண் வேண்டாம். 'துணி மடிப்பை மண்ணில் கொண்டுவரக் கற்க வேண்டும்' என்று வையுங்கள். இரண்டாவது, நேரத்தைக் குறைத்து மதிப்பிடும் பழக்கம். 1994ல் வெளியான ஓர் ஆய்வில் பட்டப்படிப்பு மாணவர்கள் ஆய்வேட்டை 34 நாளில் முடிப்போம் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். நான் நாலு வருடத்தைப் பதினொன்றாக ஆக்கியவள், எனக்கு இந்த எண்கள் ஆறுதல். எந்தக் கணக்கு போட்டாலும் ஒன்றரை மடங்காக்கிக் கொள்கிறேன், அதுவும் போதவில்லை. மூன்றாவது, பீட்டர் கோல்விட்சர் என்பவர் ஆராய்ந்தது: 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவெடுத்து வைப்பது. மூன்று நாள் மழை விடாமல் பெய்தால் வண்ணத்தைத் தொடமாட்டேன், அச்சுக்கான வரைபடம் போடுவேன் என்பது போல. எனக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இவை எதுவும் முப்பது வருடக் கலை வாழ்க்கையை வைத்துச் செய்த சோதனைகள் இல்லை. பெரும்பாலும் மாணவர்கள், சில வாரம், சில மாதம். அதை நீட்டி உங்கள் வாழ்நாளுக்குப் பொருத்துவது என் துணிச்சல், ஆராய்ச்சியின் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் சரியாக இல்லாவிட்டால் மாசியில் பூ வரையப் போக மனம் வராது. கடந்த மூன்று சீசனில் செலவு போக எது மிகக் குறைவோ அதை எடுங்கள். சராசரி எடுக்காதீர்கள். 2,64,000 என்று வையுங்கள், பன்னிரண்டால் வகுத்தால் 22,000. சீசன் பணம் முழுவதும் ஒரு கணக்கில் விழட்டும், அங்கிருந்து மாதம் 22,000 மட்டும் வீட்டுக் கணக்குக்கு வரட்டும். நல்ல வருடம் வந்து மிஞ்சினால் அது அடுத்த வருட மண்ணுக்கும் வண்ணத்துக்கும். 22,000ல் உங்கள் வீட்டுப் பங்கு நடக்காது என்றால், பட்டத்தின் ஏழு மாதத்தில் இரண்டு மாதத்தைக் கூலி வேலைக்கு விற்றுவிடுங்கள். பள்ளி விடுமுறைப் பயிற்சி வகுப்பு, எதுவானாலும் சரி. ஐந்து மாதம் மிஞ்சும். ஏழையும் விற்றுவிடாதீர்கள், அது விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுவது.

ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு பதிப்பகம் பதினோரு மாதமாகப் பணம் தராமல் இழுத்த வருடம், 2012 ஆனி. மனம் உடைந்து, 'இனி இந்தத் தொழில் வேண்டாம்' என்று என் வரைபலகை மேசையை ஒரு மாணவனுக்கு 3,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். தேக்கு மேசை, அப்பா வாங்கித் தந்தது. ஆவணியில் மலர் வேலை வழக்கம்போல வந்து நின்றது. அதைவிட மட்டமான மேசையை 7,500 கொடுத்து வாங்கினேன். இன்றும் அது ஒரு காலில் ஆடுகிறது, அட்டை மடித்து வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு விதி. வெறும் மாதத்தின் சோர்விலும் சரி, சீசன் உச்சத்தின் களைப்பிலும் சரி, பெரிய முடிவு எடுப்பதில்லை. இரண்டிலும் மனம் பொய் சொல்லும். ஆனியில் 'விட்டுவிடு' என்னும், ஐப்பசியில் 'நாலு ஆளை வைத்துப் பெரிதாக்கு' என்னும். தோன்றுவதை நோட்டில் எழுதிவிடுவேன். சரஸ்வதி பூஜை, தீபாவளி எல்லாம் முடிந்து, பசவனகுடியில் கடலைக்காய் பரிசை என்ற வேர்க்கடலைத் திருவிழா நடக்கும், கன்னடக் கணக்கில் கார்த்திக மாதக் கடைசித் திங்கள் அன்று, சுட்ட வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்து வருடம் முழுக்க எழுதியதைப் படிப்பேன். களைப்பு இறங்கியிருக்கும், வெறுமை இன்னும் தொடங்கியிருக்காது. உங்களுக்கு அந்த நாள் கார்த்திகை தீபத்துக்கு அப்புறம் வரும் வாரமாக இருக்கலாம். ஒன்று மட்டும்: வெறும் மாதச் சோர்வு வேலை தொடங்கியதும் போய்விடும். போகாமல் தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால் அதைப் பருவம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டாம். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கும் ஊரில் இருக்கிறோம், மருத்துவரைப் பாருங்கள்.

சந்தேகமானவற்றையும் சொல்லிவிட வேண்டும். இன்னும் இருபது வருடத்தில் எத்தனை வீட்டில் கொலு வைப்பார்கள் என்று சொல்ல என்னால் முடியாது. இங்கே அடுக்குமாடி வீடுகளில் ஒன்பது படி மூன்று படியாகிவிட்டதைப் பார்க்கிறேன். அதே சமயம் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் கன்னடக்காரர்களும் தமிழர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பொம்மை வாங்குவதையும் பார்க்கிறேன். இங்கே கன்னடக்காரர்களுக்கும் அது கொம்பே ஹப்பா, பொம்மைத் திருவிழா; மரத்தில் செய்த ராஜா ராணி பட்டத கொம்பே இல்லாமல் தசரா இல்லை. என் வேலை கண்ணெதிரே சுருங்கியிருக்கிறது. காலண்டர்க்காரர் கணினியே போட்ட முருகனைக் காட்டி 'இது மாதிரி வேணும்மா' என்கிறார். 2021ல் சித்திரச் சந்தை தெருவில் நடக்காமல் இணையத்தில்தான் நடந்தது, அதை எந்த நோட்டிலும் நான் எழுதி வைத்திருக்கவில்லை. ஆகவே விற்பனையை ஒட்டிய இலக்கை மூன்று சீசனுக்கு மேல் வைக்காதீர்கள். கைத்திறனை ஒட்டிய இலக்கை முப்பது வரை வைக்கலாம்.

இந்த ஊரிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கிரும்பிகல் என்று ஒரு ஜெர்மானியர், தோட்டக்கலை வல்லுநர், 1908ல் மைசூர் சமஸ்தான வேலைக்கு லால்பாக் பூங்காவுக்கு வந்தார். ஒரு வகை மரம் பூத்து ஓய்ந்ததும் இன்னொரு வகை பூக்க வேண்டும், வருடம் முழுக்க ஏதாவது ஒரு தெருவில் பூ இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு மரங்களை நடச் செய்தவர். இன்றைக்கும் தையில் டபேபுயா ரோஜா நிறத்தில் ஆரம்பித்தால், அடுத்து ஜகரண்டா ஊதா, பிறகு குல்மொஹர் சிவப்பு என்று வரிசை கட்டும். எனக்கு அதில் பிடித்தது, எந்த மரத்தையும் அவர் பன்னிரண்டு மாதமும் பூக்கச் சொல்லவில்லை என்பது. நீங்கள் விளக்குகளையும் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். பொம்மை முடிந்ததும் அகல், அதற்கப்புறம் மார்கழிக்கு ஆண்டாள் பொம்மை, சித்திரைக்கு ஒரு மீனாட்சி கல்யாணம் என்று இரண்டாவது மூன்றாவது பூவைச் சேர்க்கத் தோன்றும். சேருங்கள், ஆனால் மூன்று நவராத்திரிக்கு ஒன்று என்ற வேகத்தில். நான் ஒரே வருடத்தில் திருமண அழைப்பிதழ், சுவர் ஓவியம், ஞாயிறு வகுப்பு மூன்றையும் ஆரம்பித்து, மூன்றையும் அடுத்த வருடம் மூடியவள்.

அத்தைக்கு என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 'அத்தை, அஞ்சு நவராத்திரில அஞ்சு புது செட், அதுல ஒண்ணு நம்ம ஊர் தேர்த் திருவிழா' என்று சொல்லுங்கள். எந்த ஊர் தேர், தேருக்கு எத்தனை சக்கரம் என்று அவரே ஆரம்பித்துவிடுவார். நீங்கள் வேலை விட்டதை மறந்து, தேர்வடம் பிடித்தவர்கள் யார் யார் என்று சொல்லிக்கொண்டிருப்பார். பக்கத்தில் நோட்டோடு உட்காருங்கள்.

கடைசியாகக் காகிதக்கூழா, களிமண்ணா. இது நான் தீர்ப்பு சொல்லக்கூடிய விஷயம் இல்லை, பார்த்ததை மட்டும் சொல்கிறேன். காகிதக்கூழ் எடை குறைவு, கூரியரில் அனுப்பினால் உடையாது, மூன்றாம் மாடி வீட்டுக்காரர்கள் விரும்புவார்கள். ஆனால் ஈரத்தை உறிஞ்சும், முழுசாகக் காய நல்ல வெயில் வேண்டும், பரணில் வருடக்கணக்கில் கிடந்தால் பூச்சி அரிக்கலாம். சுட்ட மண் தலைமுறை தாங்கும், கீழே போட்டால் ஒரு நொடி. சூளை வேண்டும், அதை மொட்டை மாடியில் வைக்க முடியாது. பென்சன் டவுன் பக்கம் பாட்டரி டவுனில் தமிழ் பேசும் குயவர் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளையார் வேலை நடக்கும் ஆடி, ஆவணியில் போனால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், அவர்கள் மேலும் தப்பில்லை. மாசியில் ஒரு காலை பத்து மணிக்குப் போங்கள், உங்கள் பொம்மை இரண்டைக் கையில் எடுத்துக்கொண்டு. சூளையில் ஓர் ஓரம் கிடைக்குமா, என்ன வாடகை என்று கேளுங்கள். அவர்கள் உங்கள் பொம்மையைத் தட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு மண்ணில் மணல் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்வதை அப்படியே மாசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.